வண்டியில் மறுபடியும் எரியுது

ஆவணி மாதம் இருபத்தோராம் தேதி, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த தூறல் நின்று, வேப்பம்பட்டு முழுவதும் ஈரச் சாக்கு வாசனை அடித்துக்கொண்டிருந்தது. காற்று இல்லை. கொசு இருந்தது. அந்த நேரத்தில் நான் என் பழைய லோடு வண்டியில் ஒரு பசுமாட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பணி ஓய்வு பெற்றவன் கையில் வண்டியையும் ஸ்பேனர் பெட்டியையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் கொடுக்க வேண்டும். என் கையில் இரண்டும் இருந்தன.

நான் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். வருகிற சாமானை எண்ண வேண்டும், அளக்க வேண்டும், சரியில்லை என்றால் நிராகரிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு நிராகரிக்க எதுவும் இல்லாமல், வீட்டில் இட்லியை நிராகரிக்க ஆரம்பித்தேன். என் மனைவி கோமதி இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு, "எதையாவது வாங்கி வெளியில வச்சு நோண்டுங்க" என்றாள். அப்படி வந்ததுதான் பதினான்கு வயதான இந்த வண்டி. தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் விற்றார். வாடகைக்கு விட்டு மாதம் இவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கைப் பற்றி இங்கே வேண்டாம்.

சிக்கல் அந்த ஆனி மாதத்தில் தொடங்கியது. ஒருநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால், மீட்டர் பலகையில் சிவப்பாக ஒரு விளக்கு. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. வட்டத்துக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி. ஆச்சரியத்தை அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பிரேக் எச்சரிக்கை விளக்கு என்று போட்டிருந்தது. அது எரிய மூன்று காரணங்கள் இருக்கலாமாம். கைப்பிரேக் முழுவதும் இறங்காமல் இருக்கலாம். பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது தேய்ந்திருக்கலாம்.

இருக்கையை ஒட்டியிருந்த கைப்பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. (மெத்தென்று இறங்கியது. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். சரி, விடுங்கள்.) ஆக, முதல் காரணம் நிராகரிக்கப்பட்டது.

இந்த இடத்தில் வாசகர்களிடம் இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். அதே ஆனி மாதத்தில்தான் நான் ஒரு தலையணை வாங்கினேன். வட்டமான, தடித்த ரப்பர் நுரைத் தலையணை. நடுவில் ஓட்டை. அதை எதற்காக வாங்குவார்கள் என்று அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒருநாள் தெரியவரும். கோமதியிடம் முதுகுவலி என்று சொல்லியிருந்தேன். அதை ஓட்டுநர் இருக்கையில் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்கு வண்டி ஓட்ட முடியும். ஆனால் நாலு பேர் பார்க்கிற இடம் வந்ததும் கழற்றி இருக்கைக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

எண்ணெயை மாற்றினேன். விளக்கு அணையவில்லை. திருநின்றவூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பட்டறைக்கு நூறு அடி முன்பாகவே நிறுத்தி, தலையணையை ஒளித்துவிட்டு உள்ளே விட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கு எரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். இருந்தாலும் நான் விடாமல் சொன்னதால் பின் சக்கரங்களுக்குப் புதிய பிரேக் ஷூ மாட்டினார். வெளியே வந்து, நூறு அடி தள்ளி, மறுபடியும் தலையணையைப் போட்டு உட்கார்ந்து கிளப்பினால் ஆச்சரியக்குறி.

பட்டாபிராமில் ஒருவர், சென்னீர்குப்பம் நெடுஞ்சாலையோரம் ஒருவர் என்று இன்னும் இரண்டு பேரிடம் போனேன். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் அது நல்ல பிள்ளையாக அணைந்துகொண்டது. சென்னீர்குப்பம் மெக்கானிக் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"சார், நீ எரியுதுன்ற. நான் பாக்க சொல்ல எரியல. பல்பைப் புடுங்கி உட்டுட்டா ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல."

எச்சரிக்கையைப் பிடுங்குவது பரிசோதனைப் பிரிவுக்காரன் செய்கிற காரியமா? எண்ணெய், ஷூ, கூலி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஆச்சரியக்குறியோடு வீடு திரும்பினேன். கோமதி சொன்னாள், "உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் அதுக்கு ஆச்சரியமா இருக்குபோல."

அதற்குள் எங்கள் வீட்டில் 'எரியுது' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று ஆகியிருந்தது. நான் வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே கோமதி கேட்பாள், "எரியுதா?" நான், "எரியுது" என்பேன். அவ்வளவுதான். என்ன எரிகிறது, எங்கே எரிகிறது என்ற விளக்கம் தேவைப்படவில்லை. உலகமே இப்படித்தான் புரிந்துகொள்ளும் என்று நான் நினைத்துவிட்டேன். அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் வித்யாவின் மாமனார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பூந்தமல்லியில் மகன் வீட்டில் இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வார். அன்று நான் வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றி, நானே பிரேக்கைப் பார்த்துவிடுவது என்று இறங்கியிருந்தேன். அவர் டார்ச் பிடித்தார், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், இரண்டு முறை "பாத்து, பாத்து" என்றார். மாலையில் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் பெட்டியில் ஸ்பேனர்களை எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருந்தது. பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் காணவில்லை.

மறுநாளிலிருந்து வண்டியின் முன்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம். மேடு பள்ளத்தில் ஏறினால் கடகட, திருப்பத்தில் கடக்கென்று ஒன்று, நின்றால் அமைதி. (இரண்டு விஷயமும் அடுத்தடுத்த நாளில் நடந்தன என்பதை நான் நாட்குறிப்பில் அடுத்தடுத்த வரியில் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதியதோடு சரி.) பட்டாபிராம் மெக்கானிக் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் கீது சார்" என்றார். ஆட்டுகிறவர் ஆட்டினால் எதுதான் ஆடாது? ரப்பர் புஷ் நான்கை மாற்றினார். சத்தம் போகவில்லை.

ஸ்பேனர் விஷயத்தை நான் விடவில்லை. சம்பந்திக்குப் போன் செய்து, "உங்க பையில தவறி வந்திருக்குமா, கொஞ்சம் பாருங்களேன்" என்று நாகரிகமாகக் கேட்டேன். இல்லை என்றார். நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டதும் போனை வைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே புத்தம் புதிய பதினாலாம் நம்பர் ஸ்பேனர். சீட்டு எதுவும் இல்லை.

"பாத்தியா, ஒப்புக்கிட்டார்" என்றேன் கோமதியிடம்.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விஷயம் வித்யாவுக்குப் போயிற்று. வித்யா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் மாமனார், "ஒரு இரும்புத் துண்டுக்காக என்னைத் திருடனாக்கிட்டாரே" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாராம். சாப்பாட்டை வேறு பாதியில் விட்டு எழுந்துவிட்டாராம்.

இந்த நிலைமையில்தான் வித்யாவும் மாப்பிள்ளையும் பாரிவாக்கத்தில் புது ஃபிளாட் வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறு முதல் ஏழரை வரை முகூர்த்தம். ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். வீடு மூன்றாவது மாடி. அதனால் பசுவும் கன்றும் கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தால் போதும், அங்கே பூஜை செய்துவிட்டு மேலே போய்ப் பால் காய்ச்சலாம் என்று குருக்கள் சலுகை கொடுத்திருந்தார். எல்லோரும் கூடிப் பேசும்போது சம்பந்தி என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பூந்தமல்லியில ஒரு மாட்டுக்காரர் இருக்காரு. ஆயிரத்து ஐந்நூறு குடுத்தா மாடு, கன்னு, கோமியம் எல்லாத்தையும் அவரே கொண்டாந்து நிறுத்திருவாரு. யாரும் அலைய வேண்டாம்."

என் ஸ்பேனரை வைத்திருந்தவர் இப்போது என் மகள் வீட்டு மாட்டையும் தீர்மானிப்பதா? மாடு என் பொறுப்பு என்று அறிவித்தேன். எங்கள் தெருவிலேயே மாடு இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஓட்ட நான் இருக்கிறேன். அறையில் யாரும் மறுக்கவில்லை. வித்யா மட்டும் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

"அப்பா, மாடு ஏழரைக்குள்ள வரணும். அந்த ஸ்பேனரைப் பத்தி அன்னைக்கு ஒரு வார்த்தை வரக்கூடாது. இந்த ரெண்டும் நடந்தாப் போதும். இல்லேன்னா நான் அந்த வீட்டுல நிம்மதியா இருக்க முடியாது."

சரி என்றேன். இரண்டே இரண்டு நிபந்தனைதானே. முப்பத்து நான்கு வருடம் நிபந்தனைகளோடு வாழ்ந்தவன்.

இப்போது விடியற்காலை ஐந்து பத்துக்குத் திரும்புவோம். மாட்டின் பெயர் சுந்தரி. சொந்தக்காரர் எங்கள் தெருவில் பால் ஊற்றும் தேவராஜ். வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் செய்து வேப்பம்பட்டுக்கு வந்தவர். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. சுந்தரி இதுவரை நாற்பது கிரகப்பிரவேசம் பார்த்தவள் என்றும், மந்திரம் முடியும் நேரம் அவளுக்கே தெரியும் என்றும் தேவராஜ் சொன்னார். அவளும் கன்றும் பின்னால் வைக்கோலில் நின்றார்கள். தேவராஜ் பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். கோமதி முன்தினமே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு நான் தலையணையை இருக்கையில் போட்டு உட்கார்ந்தேன். கைப்பிரேக்கை இறக்கினேன். சாவியைத் திருப்பினேன். ஆச்சரியக்குறி.

இருபத்தொரு கிலோமீட்டர். திருநின்றவூர் தாண்டும்போது கடகட சத்தத்துக்குச் சுந்தரி ஒவ்வொரு முறையும் பதில் கொடுத்துக்கொண்டு வந்தாள். பட்டாபிராமில் தேவராஜ் கண்ணாடியைத் தட்டி, "சார், இன்னா முன்னாடி சலங்கை கட்டிக்கிறயா?" என்று கேட்டார். ஆவடியில் திரும்பி பூந்தமல்லி சாலையில் ஏறியபோது மணி ஆறு இருபது. நேரம் நிறைய இருந்தது. பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின் சக்கரத்திலிருந்து ஊதுவத்திப் புகை அளவுக்கு ஒரு புகை. தொட்டேன். கையை எடுத்துவிட்டேன்.

சக்கரம் ஆறட்டும், பத்து நிமிடம் கழித்துப் புறப்படலாம் என்று முடிவு செய்தேன். மகள் கவலைப்படக்கூடாதே என்று அவள் போனுக்கு அழைத்தேன். அவள் ஹோமத்தில் உட்கார்ந்திருந்ததால் போனை எடுத்தது சம்பந்தியம்மா. பின்னால் ஒலிப்பெருக்கியில் நாதஸ்வரம். நான் சத்தமாகவும் தெளிவாகவும் பேசினேன். பேசியதை வார்த்தைக்கு வார்த்தை இங்கே தருகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் என் மீது தவறில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"வண்டியில மறுபடியும் எரியுதும்மா. ரெண்டு மாசமாவே எரியுது, எனக்குப் பழகிப்போச்சு. இன்னைக்குக் கொஞ்சம் புகையும் வருது. மாடு உள்ளதான் நிக்குது, பயப்படல. நீங்க பாட்டுக்குப் பூஜையை நடத்துங்க."

எங்கே இருக்கிறீர்கள் என்று நடுங்கும் குரலில் கேட்டார். ஏரியைத் தாண்டி என்றேன். போன் துண்டிக்கப்பட்டது. பதற்றக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

தேவராஜ் சுந்தரிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து, தானும் ஒன்று தின்றார். நான் தலையணை மீது உட்கார்ந்து, கையேட்டின் மூன்று காரணங்களையும் நான்காவது முறையாகப் படித்தேன். ஆவடிப் பக்கம் போகும் பேருந்து ஒன்று எங்களை ஒட்டி வந்து, முன்னால் குப்பை வண்டி நின்றதால் நின்றது. ஜன்னல் முழுக்க முகங்கள். அப்போது எதிர்த் திசையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் பறந்து வந்தது.

ஓட்டியது என் மாப்பிள்ளை, ஹோமத்திலிருந்து பாதியில் எழுந்த கோலத்தில், நெற்றியில் ஹோமக் கரியோடு. பின்னால் என் சம்பந்தி. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு தொடைகளிலும் இரண்டு சிவப்பு சிலிண்டர்கள். ஃபிளாட்டில் கார் நிறுத்தும் இடத்துத் தூணில் மாட்டியிருந்த தீயணைப்பான்கள். ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டார். ஓய்வு பெற்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு தீ கிடைத்திருக்கிறது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இருபது வயது குறைந்திருந்தது.

"உள்ள ஆள் இருக்கா?"

"ஆள் இல்ல. மாடு மட்டும்தான்" என்றேன். (பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவராஜை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வாழ்நாளில் ஒரு முறை எண்ணத் தவறினேன்.)

சம்பந்தி ஒரு சிலிண்டரின் பூட்டு ஊசியைப் பிடுங்கினார். பின் சக்கரத்து ஊதுவத்திப் புகையைப் பார்த்தார். அழுத்தினார்.

அதன் பிறகு சிறிது நேரம் எனக்கு எதுவும் தெரியவில்லை. மாவு மில் வெடித்தது போல் வெள்ளைப் பொடி கிளம்பியது. வெள்ளைக்குள்ளிருந்து கன்று கத்தியது. சுந்தரி தும்மினாள். மாடு தும்மும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. "நைனா, நிப்பாட்டு நைனா, ஒண்ணியும் எரியல" என்று ஒரு குரல் கேட்டது. ஆனால் தீயணைப்பில் பயிற்சி பெற்றவர்கள் பாதியில் நிறுத்துவதில்லை. இரண்டாவது சிலிண்டரை முன்பக்கம் எஞ்சினுக்குக் கொடுத்தார். நடுவில் நின்ற எனக்கும் கொஞ்சம் கிடைத்தது.

பொடி அடங்கியபோது கருப்பும் பழுப்புமாக இருந்த சுந்தரி வெள்ளைப் பசுவாக நின்றாள். பக்கத்தில் வெள்ளைக் கன்று. வெள்ளைத் தேவராஜ், கையில் வெள்ளை வாழைப்பழத் தோல். பேருந்து ஜன்னல்களில் எல்லா கைபேசிகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. குப்பை வண்டி போய்விட்டது. பேருந்து போகவில்லை.

"என்ன எரிஞ்சுது சம்பந்தி?" என்று கேட்டார் அவர், மூச்சு வாங்க.

"விளக்கு" என்றேன்.

"எந்த விளக்கு?"

சாவியைத் திருப்பி மீட்டர் பலகையைக் காட்டினேன். பொடியைத் துடைத்தால் அதற்கு அடியில் சிவப்பாக, அமைதியாக, ஆச்சரியக்குறி. சம்பந்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாப்பிள்ளை ஏரியைப் பார்த்தார்.

மணி ஆறு ஐம்பத்தெட்டு.

ஆனால் கடமை முடியவில்லை. தீ அணைந்த பிறகு எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று அடியில் பார்க்க வேண்டுமாம். அவர் வேட்டியோடு முட்டி போட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். எதையோ பிடித்தார். வெளியே எடுத்தார். சேறும் பொடியும் பூசிய, ஒரு சாண் நீள இரும்பு. விரலால் துடைத்தார். பதினாலு என்ற எண் தெரிந்தது. முன் அச்சுக்கு மேல் இருந்த ஓர் இடுக்கில், நான் வைத்த இடத்திலேயே, அது இத்தனை நாள் கடகடவென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "வண்டிய எடுப்போம், நேரமாவுது" என்று மட்டும் சொல்லி, என் நிலைமையைப் பார்த்து அவரே ஓட்டுநர் பக்கம் ஏறினார். ஏறியவர் இருக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"நுரை ரப்பரு. இதெல்லாம் முதல்ல பிடிச்சிக்கிடும்" என்று சொல்லி, அதை எடுத்து ஜன்னல் வழியாகச் சாலையில் எறிந்தார்.

என் தலையணை, நடுவில் ஓட்டையோடு, ஒரு சக்கரம் போல உருண்டு போய், பேருந்துக்கு முன்னால் விழுந்து, சுற்றி அடங்கியது. பேருந்தில் இருந்த வயதானவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையும் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

சம்பந்தி கைப்பிரேக்கை இறக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு மாதமாக நான் கேட்காத சத்தம். சாவியைத் திருப்பினார். பலகை இருட்டாக இருந்தது. ஆச்சரியம் எதுவும் இல்லை.

நான் ஓடிப்போய்த் தலையணையை எடுத்து வந்து, அவரை இறக்கிவிட்டு, இருக்கையில் போட்டு உட்கார்ந்து, கைப்பிரேக்கை இறக்கினேன். மெத்தென்று தலையணை விளிம்பில் போய் நின்றது. எரிந்தது. தலையணையை எடுத்தேன். அணைந்தது. போட்டேன். எரிந்தது. பதினான்கு வருட வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. கைப்பிரேக் கடைசிப் பல் இறங்காமலேயே வண்டி ஓடியிருக்கிறது. அந்தப் புதிய ஷூக்கள் முழு விலைக்கும் உழைத்துத் தேய்ந்து புகைந்திருக்கின்றன. பட்டறைக்குள் மட்டும் அது ஏன் அணைந்தது என்றால், வெட்கப்பட்டு ஒளித்தது நான்தான்.

தேவராஜ் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கண்ணிமையிலும் பொடி.

"அப்போ ரெண்டு மாசமா உன் தலகாணி தான் எரிஞ்சிகினு இருந்துதா சார்?"

கடைசி தூரத்தை நான் தலையணை இல்லாமல் ஓட்டினேன். அந்த வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆனால் வண்டி ஓடியது பாருங்கள், விளக்கு இல்லை, சத்தம் இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏழு பதினேழுக்கு ஃபிளாட் வாசலில் நின்றது.

அங்கே ஒரு கூட்டமே வாளியோடு நின்றுகொண்டிருந்தது. ஹோமத்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்திருந்தார்கள். கோமதி என்னைப் பார்த்து, உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு முறைத்தாள். சுந்தரி தானே இறங்கினாள். நிதானமாக நடந்து போய் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே நின்றாள். தூய வெள்ளைப் பசுவும் வெள்ளைக் கன்றும் வந்து நிற்பதைப் பார்த்து எதிர் ஃபிளாட் இளைஞர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டு, என்ன ஜாதி மாடு என்று கேட்டார். "வேப்பம்பட்டு" என்றார் தேவராஜ். மாப்பிள்ளையின் பெரியம்மா பக்தியோடு சுந்தரியின் முதுகைத் தடவி, கையில் ஒட்டியதை நெற்றியில் இட்டுக்கொண்டார். "விபூதி இல்ல மைனி, தீயணைக்கிற பொடி" என்று சம்பந்தி சொல்வதற்குள் இன்னும் நாலு பேர் இட்டுக்கொண்டுவிட்டார்கள். குருக்கள் மந்திரத்தை வேகப்படுத்தினார். மேலே மூன்றாவது மாடியில் பால் பொங்கியபோது மணி ஏழு இருபத்தெட்டு.

முதல் நிபந்தனை நிறைவேறியது. இரண்டாவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தாம்பூலம் கொடுக்கும் நேரம் வந்தது. சம்பந்தி என் முன்னால் தட்டை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், நடுவில் துடைத்துப் பளபளப்பாக்கிய பதினாலாம் நம்பர் ஸ்பேனர். மஞ்சள் குங்குமம் வேறு வைத்திருந்தார்.

"எண்ணிக்கிடுங்க சம்பந்தி" என்றார்.

நான் வித்யாவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வெடித்துச் சிரித்தாள். கையிலிருந்த பால் டம்ளர் தளும்பியது. மாப்பிள்ளை சிரித்தார், கோமதி சிரித்தாள், கடைசியாக, ஒரு மாதமாக என் முகத்தைப் பார்க்காத மனிதரும் சிரித்தார். நான் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது தும்மல்.

இப்போது ஒரு புதிய சிக்கல். அவர் கூரியரில் அனுப்பியதையும் சேர்த்து என் பெட்டியில் பதின்மூன்று ஸ்பேனர்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய பெட்டியில் பதின்மூன்று இருந்தால் எனக்கு உறக்கம் வராது. அதிகப்படியானதைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்தார். அடுத்த முறை அவர் வந்தபோது அவருடைய பைக்குள் தெரியாமல் போட்டு அனுப்பினேன். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்த அதிரச டப்பாவின் அடியில் அது திரும்பி வந்தது. பொங்கலுக்குக் கரும்புக் கட்டுக்குள் வைத்து அனுப்பினேன். பேரனுக்குப் பெயர் வைத்த அன்று, சீர்த் தட்டில் வெள்ளி அரைஞாணுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் படித்துவிடுவார்கள்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதன் பிறகு யாரும் விளக்கு எரிகிறது என்று சொல்வதில்லை. மறந்து சொல்லிவிட்டால், சின்னவர் பெரியவர் என்று பாராமல் ஒரே கேள்விதான் வரும்: "மாடு உள்ளதான் நிக்குதா?"

எண்ணெய், ஷூ, புஷ், மூன்று மெக்கானிக்குகளின் கூலி, தேவராஜுக்குப் பேசிய ஆயிரம், சுந்தரியைக் குளிப்பாட்டியதற்குத் தனியாக இருநூறு, மூன்று பட்டு வேட்டி சலவை, ஃபிளாட் சங்கத்துக்கு இரண்டு சிலிண்டரும் மறுபடி நிரப்பிக் கொடுத்தது, தலையணை விலை உட்பட: பத்தாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். பூந்தமல்லி மாட்டுக்காரர் கேட்டது ஆயிரத்து ஐந்நூறு.